ஆணைச் சொற்கள் மொழி மாறும்போது

ஆங்கில ஆட்சிமொழி வாசகங்களை வேறொரு மொழியில் பெயர்ப்போர் சொற்பொருளை மட்டும் தந்தால் போதாது; சொல்லின் அதிகாரத்தையும் பெயர்த்தல் வேண்டும். ருஷ்ய மொழி இதற்கு நல்ல சான்று.

1945 ஜூன் 26-இல் சான் பிரான்சிஸ்கோவில் கையொப்பமான ஐக்கிய நாடுகள் சாசனம் ஐந்து மொழிகளில் அமைந்தது. அவற்றுள் ஆங்கிலமும் ருஷ்யமும் சம அதிகாரமுடையவை. பாதுகாப்புச் சபையின் அமைப்பைக் கூறும் 23-ஆம் விதியில் ஆங்கிலம் 'ஷல்' என்னும் துணைவினையால் விதிக்கிறது. ருஷ்யமோ, சபை இத்தனை உறுப்பினரைக் கொண்டது என்று நிகழ்காலத்தில் மொழிகிறது. ருஷ்யச் சட்ட வழக்கில் நிகழ்கால வினையே கட்டளையாகும். 'கொண்டிருத்தல் வேண்டும்' எனப் பெயர்த்தால், இன்னும் நிறைவேறாத கடமைபோல் தொனிக்கும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1967 நவம்பர் 22-இல் நிறைவேறிய 242-ஆம் தீர்மானம், போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலகவேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் 'பகுதிகள்' என்பதற்கு முன் 'தி' என்னும் சுட்டு இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளும் அல்ல என்றனர் ஒரு சாரார். பிரெஞ்சு வாசகத்தைக் காட்டி, எல்லாமே என்றனர் மறுசாரார். ருஷ்யத்தில் அத்தகைய சொல்லே இல்லாமையால், அவ்வேறுபாட்டை அது காட்டவியலாது.

தமிழிலும் 'தி' இல்லை. வெளிமாநிலங்களில் ஆங்கில ஆணைகளை உற்றார்க்குத் தமிழில் விளக்கும் நேயர்கள் இதனை நினைவிற் கொள்க. தெளிவுக்காக 'எல்லா' என்றோ 'சில' என்றோ நாமே சேர்ப்பின், ஆணையே மாறிவிடும். ஐயம் எழுமிடத்து, ஆணை பிறப்பித்த அலுவலகத்தையே வினவுதல் முறை.