பழைய வானின் பிறேக்குகள்

பழைய வான் ஒன்றின் பிறேக் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டால், மேலும் சிறிது ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்வது பல சாரதிகளின் வழக்கம். இது ஆபத்தான வழக்கம். பிறேக் எண்ணெய் எரிந்து தீரும் பொருளன்று. லைனிங் தேயுமளவுக்கு அதன் மட்டம் சற்றே தாழலாம். அதற்கு மேலும் குறைந்ததாயின், எங்கோ கசிந்திருத்தல் வேண்டும். அவ்விடத்தைத் தேடுவதே முதல் வேலை.

1953ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனர் வானை உதாரணமாகக் கொள்ளலாம். சாரதி மிதியை அழுத்தும்போது, தரைத்தகட்டின் கீழுள்ள தலைமைச் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வமுக்கம் குழாய்கள் வழியே சென்று, சில்லுகளிலுள்ள சிறு சிலிண்டர்களின் பிஸ்டன்களை நகர்த்துகிறது. அவை பிறேக் சூக்களைச் சுழலும் டிறம்மின் உட்புறத்தோடு அழுத்துகின்றன. நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. பிற்கால வண்டிகளில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தவறினும் மற்றது காக்கும். இவ்வானிலோ, ஒரு சில்லின் றப்பர் அடைப்பு கிழிந்தால் நான்கின் பிடியும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது பின்சில்லுகளைப் பற்றும் கைப்பிறேக் மட்டுமே. கடுகண்ணாவை இறக்கத்தில் அது போதுமா?

நோயின் குறியைச் சாரதியின் கால் பெரும்பாலும் அறியும். மிதி ஆழமாக இறங்கி, இருமுறை அழுத்தியபின் உயர்ந்தால், சூக்களுக்கும் டிறம்முக்கும் இடைவெளி மிகுந்துள்ளது எனலாம்; முன்சில்லுக்கு இரண்டும் பின்சில்லுக்கு ஒன்றுமாக உள்ள சீராக்கிகளைத் திருப்பினால் அது தீரும். மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயினுள் காற்று புகுந்துள்ளது. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எங்கோ கசிவு உண்டு. வெளியே ஈரமே காணப்படாவிடின் தலைமைச் சிலிண்டரின் உள்ளடைப்பையே ஐயுறல் வேண்டும். வண்டி ஒருபக்கம் இழுத்தால் குறை பெரும்பாலும் மறுபக்கத்திலேயே இருக்கும். காலை எடுத்த பின்னும் ஒரு சில்லு இறுகியே நின்றால், அதற்குச் செல்லும் வளையும் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருக்கலாம்.

டிறம்மைக் கழற்றுமுன் வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். ஆதலால் தூசியை ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது. சிலிண்டரின் தூசி மூடியைச் சற்று விலக்கிப் பார்க்க, உள்ளே நனைந்திருந்தால் அடைப்புப் பழுதடைந்துவிட்டது. பின்சில்லில் காணும் ஈரம் அச்சு எண்ணெயாகவும் இருக்கலாம். சிறிது நீரில் கலந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும்: பிறேக் எண்ணெய் நீரில் கரையும், அச்சு எண்ணெய் மிதக்கும்.

சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாயின் புதிய றப்பர் போதும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுதல் வேண்டும். அச்சுவரில் புதிய றப்பரும் விரைவில் கிழியும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெற்றோலாற் கழுவிப் பயன்படுத்துவோர் உளர். அது வீண் சிக்கனம். சூடேறியதும் ஊறிய எண்ணெய் மீண்டும் வெளிவரும். லைனிங்கை இருபக்கச் சில்லுகளிலும் ஒருங்கே மாற்றுதல் அவசியம்.

இவ்வகை பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ‘டொட் 4’ எனும் தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது. ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறி எண்ணெய் கொதித்தால், உண்டாகும் ஆவி மிதியைப் பயனற்றதாக்கிவிடும். ஆகவே பழைய எண்ணெயை முற்றாக அகற்றுதல் நன்று. இயந்திர எண்ணெயை ஒரு துளியும் சேர்க்கலாகாது. அது றப்பரை வீங்கச் செய்யும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஒருவர் மிதிக்க, மற்றவர் வாயிலைத் திறந்து மூடுவார். பின்னர் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்து, ஒரு வாரத்தின் பின் எண்ணெய் மட்டத்தை மீண்டும் பார்த்தல் வேண்டும்.