உங்களுக்குத் தெரியுமா? விலை கொடுத்தாலும் உடைமை ஆகாத விளையாட்டுகள்

குறுந்தகட்டில் வந்த கணினி விளையாட்டை வாங்கியவரால் அதை நண்பருக்கு இரவல் தரவும் பின்னர் விற்கவும் முடிந்தது. இன்றைய இணையக் கடைகளில் பணம் செலுத்துவோர் பெறுவதோ பெரும்பாலும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட பயன்பாட்டு அனுமதியான உரிமம் மட்டுமே. மாதக் கட்டணம் செலுத்தும்வரை ஒரு தொகுப்பிலுள்ள விளையாட்டுகளை ஆட இடமளிக்கும் சந்தா முறை, 2017-இல் மைக்ரோசாப்ட் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் போன்ற சேவைகளால் பரவியது. கட்டணம் நின்றாலோ, விளையாட்டு தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டாலோ, சந்தாவழி ஆடும் வாய்ப்பும் முடிந்துவிடுகிறது.

இணையத்தின் மறுமுனையில் இயங்கும் கணினியான சர்வரை நம்பிய விளையாட்டுகளின் நிலை இன்னும் நிலையற்றது. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்த 118 செயலிகளுள் ஒன்றான பப்ஜி மொபைலின் சேவை, அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று நாட்டில் நிறுத்தப்பட்டதால், கைப்பேசியில் செயலி இருந்தும் பயனற்றுப் போனது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கியவர்களும் அதை இழந்தனர்.

இணையக் கடைகளின் இத்தகைய விற்பனையில் வழங்கப்படுவது உரிமமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரு வீட்டு அலமாரியில் உள்ள புத்தகத்தை, அதன் பதிப்பகம் மூடப்பட்ட பின்னரும் படிக்கலாம். அந்த ஆயுளும் பாதுகாப்பும், மனித உழைப்பும் கலையும் சேர்ந்து உருவாகும் விளையாட்டுகளுக்கும் கிடைக்க வேண்டும்.