மங்கிய படமும் பாட்டியின் பேசரியும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் வீடு எதற்குள் நுழைந்தாலும், கூடத்துச் சுவரிலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். வேலை தேடி இந்த ஊருக்கு வந்த பெரியவர்கள் படுக்கைச் சுருளோடு கொண்டு வந்த சொத்து அது. ஆனால் இங்கத்திய ஈரக் காற்று எதையும் விட்டு வைப்பதில்லையே! அப்பளம் நமுத்துப் போவது போலப் படங்களும் ஆண்டுக்கு ஆண்டு வெளிறிப் போகின்றன.

எங்கள் வீட்டில் இருப்பது என் தாயாரைப் பெற்ற பாட்டியின் படம். அவருக்கு இருந்த ஒரே படமும் அதுதான். அம்மாவுக்கு இப்போது 84 வயது. கண் பார்வை மங்கி வருகிறது. “கண்ணு தெரியறப்போவே எங்கம்மா முகத்தை ஒரு தரம் நன்னாப் பார்த்துடணும்டா” என்றார்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். படம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டார்கள். புடவை வெள்ளைத் தாளாகவும் முகம் கரியாகவும் வந்து சேர்ந்தது. பெங்களூரில் இருக்கும் தங்கை மகனுக்குப் படத்தை அனுப்பினேன். அவன் ‘லைட்ரூம்’ என்ற சாஃப்ட்வேரில் ‘கிளாரிட்டி’ என்ற ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தித் திருப்பி அனுப்பினான். முகம் தெளிந்திருந்தது. அந்த சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டுமாம். பென்ஷன்காரனுக்கு அது கட்டுப்படியாகுமா? எங்கள் வீட்டிலோ இன்னும் நாற்பது படங்கள் இருந்தன. “அது உள்ளே என்னடா பண்ணுகிறது?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

வெளுத்த சிமென்ட் தரையில் கோலம் போட்டால் தெரியாது. அதே தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போட்டால் பளிச்சென்று தெரியும். மாவு அதேதான், பக்கத்தில் இருப்பது கறுத்ததால் மாவு வெளுப்பாகத் தெரிகிறது. வீடு முழுவதற்கும் விளக்குப் போடத் தேவையில்லை. கோலத்தைச் சுற்றி நனைத்தால் போதும். கிளாரிட்டி செய்வதும் இதுதான். ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, உள்ள வித்தியாசத்தைச் சற்றே கூட்டுகிறது.

கணக்கும் எளியதே. படத்தைப் பிரதியெடுத்து அதை நன்றாகக் கலங்கலாக்கினால், ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்தின் சராசரி வெளிச்சம் கிடைக்கும். மூக்கு நுனியின் வெளிச்சம் 120, சுற்றுப்புறச் சராசரி 110 என்றால் வித்தியாசம் 10. அதில் 0.3 பங்கு, அதாவது 3, கூட்டினால் மூக்கு 123 ஆகும். பக்கத்தில் 100 ஆக இருக்கும் நிழல் 97 ஆகும். படத்தின் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்க, முகத்தின் மேடு பள்ளம் மட்டும் எழுந்து வரும்.

அடோபி கம்பெனி 2007இல் லைட்ரூமின் 1.1 பதிப்பில் கிளாரிட்டியைச் சேர்த்தது. ஆனால் வித்தை கம்ப்யூட்டருக்கும் முந்தியது. இருட்டறைக் காலத்தில் நெகடிவிலிருந்து கலங்கலான, மெலிந்த பாசிடிவ் ஒன்றைத் தயாரித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவார்கள். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று அதற்குப் பெயர். பெயரில் கலங்கல், பலனில் தெளிவு!

அதே பெயரில் அதே வித்தை ‘கிம்ப்’ என்ற இலவச சாஃப்ட்வேரில் இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் தொடங்கியது இது. 1996இல் பொதுமக்கள் கைக்கு வந்தது, 2025இல் 3.0 பதிப்பு வெளியாயிற்று. செய்முறை இதோ:

1. படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து ‘டிஃப்’ வடிவில் சேமியுங்கள். அந்த மூலத்தைத் தொடாதீர்கள்.

2. பிரதியைக் கிம்ப்பில் திறந்து, லேயர் மெனுவில் ‘டூப்ளிகேட் லேயர்’ கொடுங்கள்.

3. மேல் லேயரில், ஃபில்டர்ஸ் மெனுவில் ‘என்ஹான்ஸ்’, அதற்குள் ‘ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்)’. வழக்கமாகக் கூர்மையாக்க ‘ரேடியஸ்’ 2, 3 என்று வைப்பார்கள். நீங்கள் 50 வையுங்கள், ‘அமௌண்ட்’ 0.25, ‘த்ரெஷோல்ட்’ பூஜ்யம். அகலம் 3000 பிக்சல் உள்ள படத்துக்கு இந்த அளவு. 1000 பிக்சல் என்றால் ரேடியஸ் 15, 20 போதும்.

4. வண்ணப் படமானால் மேல் லேயரின் ‘மோடை’ ‘லூமினன்ஸ்’ ஆக்குங்கள், வண்ணம் மாறாது.

5. மிக வெளுத்த இடமும் மிகக் கறுத்த இடமும் கெடாமலிருக்க, மேல் லேயருக்கு ‘கிரேஸ்கேல் காப்பி’ மாஸ்க் போட்டு, ‘கர்வ்ஸ்’ கொண்டு அந்த மாஸ்கின் இரு முனைகளைக் கீழே இறக்கி நடுவை உயர்த்துங்கள். கிளாரிட்டியும் நடுத்தர வெளிச்சத்தில்தான் அதிகம் வேலை செய்யும்.

6. கடைசியில் லேயரின் ‘ஒபாசிட்டி’யைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

அடோபியின் உள்கணக்கை அச்சாக நகலெடுத்ததாகாது இது. 2012இல் வந்த லைட்ரூம் 4இல் அவர்களே கிளாரிட்டியை மாற்றி அமைத்தார்கள். இந்த எளிய முறையில் ஒரு குறையும் உண்டு. வானத்தின் முன்னே ஹௌரா பாலம் நிற்கும் படத்தில் அளவு மீறினால் இரும்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். அதைத் தவிர்க்க ‘டார்க்டேபிள்’ என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரின் ‘லோக்கல் கான்ட்ராஸ்ட்’ பகுதி உதவும். சில்வைன் பாரிஸ், சாமுவேல் ஹாசினாஃப், ஜான் கௌட்ஸ் மூவரும் 2011இல் வெளியிட்ட ‘லோக்கல் லாப்லாசியன்’ முறை அதில் இருக்கிறது.

நானும் அளவு மீறினேன். ஆர்வக் கோளாறில் அமௌண்டை 1 வைத்தேன். பூஞ்சைப் புள்ளி, கீறல், சுருக்கம் எல்லாம் எழுந்து நின்றன. அம்மா பார்த்துவிட்டு, “யாருடா இது? எங்கம்மா இப்படிக் கடுகடுன்னு இருக்க மாட்டாளே!” என்றார். 0.25க்கு இறக்கினேன். பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“எட்டுக்கல் பேசரி தெரியறதுடா! என்னைக் கட்டிக் கொடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பறப்போ வித்தா. அப்புறம் வேப்பங்குச்சியோடதான் இருந்தா.”

அறுபது வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்த செய்தி அது. எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு நொடியில் முகத்தைப் பளபளப்பாக்கித் தருகிறது. ஆனால் படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது தானாக ஊகித்து வரைந்துவிடக்கூடும். நாம் பார்த்த முறை படத்தில் இருப்பதை மட்டுமே எடுத்துக் காட்டும். அழிந்ததை மீட்கவும் மீட்காது. ஆகவே அழிவதற்கு முன் ஸ்கேன் செய்வதே முதல் வேலை.

எஸ்பிளனேடில் இருந்த புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோவின் பழைய சேகரிப்பில் பெரும் பகுதி 1991 தீ விபத்தில் போயிற்று; 2016இல் ஸ்டூடியோவே மூடப்பட்டது. பெரிய இடத்துக்கே அந்தக் கதி. நம் வீட்டுப் படத்துக்கு நெகடிவ் எங்கே கிடைக்கப் போகிறது? அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தப் பீரோவைத் திறந்து பாருங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.