18 விநாடிகளில் செத்துப்போன டிராகன்!

அந்த டிராகனுக்கு வயது 600. எரிமலைக் குகைக்குள், தங்கக் காசுக் குவியல்மேல் படுத்திருந்தது. ஐந்து ஊர்களை எரித்துச் சாம்பலாக்கிய வரலாறு அதற்கு உண்டு. அந்த வரலாற்றை இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியதே நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சென்னையில் நண்பர் வீட்டு டைனிங் டேபிளில், வாங்கிவந்த சமோசா ஆறுவதற்குள் அது செத்துப்போனது. விளையாட்டுக் கணக்குப்படி 18 விநாடி!

"அவ்ளோதானா?" என்று கேட்டான் ஒருவன். கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அடுத்து ஏதோ வரும் என்று காத்திருந்தான். ஐந்து பேருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைப்பதற்காக வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதம் தேதி தேடியிருந்தோம். அதற்குத்தான் இந்த 18 விநாடி.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடில் நான்கு பையன்கள் வீட்டின் கீழறையில் உட்கார்ந்து கத்திக்கொண்டு விளையாடுவார்களே, அதேதான். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்டது. ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. கதை சொல்லும் பாட்டி, வில்லன், அம்பயர் மூன்றும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் காவலனிடம் பொய் சொல்கிறேன்" என்று வாயால் சொல்லியே விளையாட வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை 20 பக்கங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஒரே கதையை வருடக்கணக்கில் விளையாடுபவர்கள் உண்டு.

பெயரிலேயே டிராகன் இருப்பதால், விளையாட வருபவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். டன்ஜன் மாஸ்டர்கள் கோட்டைவிடும் இடமும் அநேகமாக அதுதான். என் டிராகன் ஏன் அப்படிச் செத்தது, அடுத்ததை எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றுக்கு ஐந்து

முதலில் கணக்கு. 2014 பதிப்பில் ஒரு வளர்ந்த சிவப்பு டிராகனின் உயிர்ப்புள்ளி 256. அதன் நெருப்பு மூச்சுக்கு ஆறு பக்கப் பகடைகள் 18 உருட்ட வேண்டும். சராசரி 63 புள்ளி சேதம். பார்த்தால் பயங்கரமாகத்தான் தெரிகிறது. ஆனால், எதிரே ஐந்து பேர். அனுபவம் முற்றிய கதாபாத்திரங்களையே கொடுத்திருந்தேன். ஆளுக்கு 25 புள்ளி அடித்தால் ஒரு சுற்றுக்கு 125. இரண்டு சுற்றில் 250 போய்விட்டது. மூன்றாவது சுற்றின் முதல் வாள்வீச்சிலேயே கதை முடிந்தது. ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. மூன்று சுற்றுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் ஐந்து முறை செயல்பட, டிராகனுக்கு ஒரே ஒரு முறை. இந்த ஓட்டையை அடைக்க அதே பதிப்பில் வழியும் வைத்திருக்கிறார்கள். மற்றவர் முறை முடிந்ததும் டிராகன் இடையில் புகுந்து வாலால் அடிக்கலாம், சிறகை விரித்து எல்லோரையும் தள்ளிவிட்டுப் பறக்கலாம். ஒரு சுற்றில் இப்படி மூன்று செயல்கள். அதன் குகையும் சேர்ந்து சண்டை போடும். தரை பிளந்து எரிமலைக்குழம்பு பீறிடும். மந்திரத்தில் மாட்டிக்கொண்டாலும் 'இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லித் தப்பிக்கலாம். பதற்றத்தில் இதில் பாதியை நான் மறந்துபோனேன். இன்னொரு பெரிய தப்பு, ஒரு சுற்றில் 80 அடி பறக்கக்கூடியதைத் தரையிலேயே நிற்கவைத்தது. மாடு மாதிரி நின்று அடி வாங்கியது பாவம்.

சரி, அடுத்த முறை விதிகளை ஒழுங்காகப் பயன்படுத்தினேன். சண்டை ஒன்றரை மணி நேரம் நீண்டது. நெருப்பு, குழம்பு, சிறகடி எல்லாம் இருந்தது. முடிந்ததும் "செம டா!" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த டிராகனின் நிறம் என்ன என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்போதுதான் புரிந்தது, நான் சரிசெய்துகொண்டிருந்தது தப்பான இடத்தை.

ஸ்மாக் என்ன செய்தது?

உலகின் பிரபலமான டிராகன்களில் ஒன்று டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலில் (1937) வரும் ஸ்மாக். மறுபடி படித்துப் பார்த்தேன். நாவலின் நாயகன் பில்போ அதனோடு ஒரு நொடிகூடச் சண்டை போடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போய் நின்று பேசுகிறான். தன் பெயரைச் சொல்லாமல் விடுகதை போடுகிறான். புகழ்ந்து பேசிப் புரட்டவைத்து, அதன் இடது மார்பில் செதில் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துவிடுகிறான். ஸ்மாக்கும் சும்மா இருக்கவில்லை. பில்போ பெருமைக்காகப் போட்ட ஒரு விடுகதையிலிருந்து, பீப்பாய்களோடு தொடர்புடைய ஏரி நகரத்துக்காரர்கள்தான் உதவியிருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டு அந்த ஊரை எரிக்கப் பறக்கிறது. கடைசியில் அதைக் கொல்வது பில்போவும் அல்ல, கூட வந்த குள்ளர்களும் அல்ல; ஏரி நகரத்து வில்லாளி ஒருவன். ஆனாலும் நமக்கு மறக்காமல் இருப்பது குகைக்குள் நடந்த அந்தப் பேச்சுவார்த்தைதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை இருந்தது.

நம் ஊரில் பூதம் காத்த புதையல் என்பார்கள். பூதம் எதற்குக் காக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டு மேஜையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த டிராகனுக்கு என்ன வேண்டும்? இவர்களைப் பார்த்ததும் ஏன் உடனே கொல்லாமல் இருக்கிறது?

விடை நிறத்திலேயே பாதி இருக்கிறது. டி அண்ட் டி உலகில் வெள்ளை டிராகன் உறைபனியை ஊதும், கறுப்பு, அமிலம், நீலம், மின்னல், சிவப்பு, நெருப்பு, பச்சை, விஷக்காற்று. ஊதுவது மட்டுமல்ல, குணமும் வேறு வேறு. சிவப்புக்குக் கர்வமும் பேராசையும். பச்சைதான் இருப்பதிலேயே சூழ்ச்சிக்காரி. தங்கத்தைவிட, தன் பேச்சுக்கு மயங்கி அடிமையான மனிதர்களையே பெரிய சொத்தாக நினைப்பது. சின்னதாக ஒரு தனித்தன்மை போதும், அதுவே ஒட்டிக்கொள்ளும். 2023-ல் வந்த 'ஆனர் அமங் தீவ்ஸ்' படத்தின் தெம்பர்சாட்டை நினைத்துப் பாருங்கள். தின்று கொழுத்த சிவப்பு டிராகன், துரத்திவரும்போது உருண்டு உருண்டு வரும். படத்தில் வேறு எது மறந்தாலும் அது மறக்காது.

முப்பது காசு ரகசியம்

மூன்றாவது முயற்சிக்கு, 2014-ல் புதியவர்களுக்காக வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்' சாகசத்தை எடுத்துக்கொண்டேன். (இதை இனிமேல்தான் விளையாடப்போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்!) எரிமலை வெடித்துப் பாழான தண்டர்ட்ரீ என்ற கிராமம். அங்கே இடிந்த கோபுரம் ஒன்றில் வெனம்ஃபாங் என்ற பச்சை டிராகன் குடியேறியிருக்கிறது. இளசுதான். உயிர்ப்புள்ளி 136. ஆனால், அங்கே போகும் கதாபாத்திரங்கள் பொதுவாக மூன்றாம் நிலையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் ஒரு போர்வீரனுக்கே சுமார் 28 புள்ளிதான். மந்திரவாதிக்கு 20. டிராகனின் விஷமூச்சு சராசரியாக 42. அதாவது, மந்திரவாதி விலகத் தவறினால் மயக்கம்கூடக் கிடையாது, நேரடி மரணம். விதி அப்படி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு வருடமாக வளர்த்த கதாபாத்திரம் ஒரே பகடையில் செத்துப்போனால், விளையாடுபவருக்கு உண்மையாகவே வலிக்கும். சிரித்துக்கொண்டே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள், திரும்பிவர நேரமாகும். எனவே, டிராகன் பயங்கரமாக இருக்க வேண்டும், ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது. என் தீர்வு எளிமையானது. மூச்சுவிடுவதற்கு ஒரு முறை முன்பே அறிகுறி கொடுத்துவிடுவேன். "அதன் தொண்டை புடைக்கிறது. மூக்கிலிருந்து பச்சைப் புகை கசிகிறது." அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் கூட்டமாக நின்றால் அது அவர்கள் முடிவு.

அறிகுறிகளைக் கோபுரத்தில் தொடங்கவில்லை, இரண்டு வாரம் முன்பே தொடங்கினேன். விதிப்புத்தகத்தில் ஒரு அருமையான வரி உண்டு. புராணப் புகழ்பெற்ற பச்சை டிராகனின் குகையைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்கு, எலிகளும் பறவைகளும் அதன் கண்ணும் காதுமாக இருக்கும். வெனம்ஃபாங்குக்கு அந்த வயசு இல்லை. ஆனாலும் கடன் வாங்கிக்கொண்டேன். அவர்கள் இரவு தங்கிய இடத்தில் எல்லாம் மரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருப்பதாகப் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. தீ மூட்டி உட்கார்ந்து அவர்கள் பேசியதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். பொதுப் பணத்தில் இருந்து ஒருவன் 30 தங்கக் காசுகளை யாருக்கும் தெரியாமல் எடுத்ததையும்தான். அதை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தான்.

கோபுரத்தில் டிராகன் பாயவில்லை. சுருண்டு படுத்தபடி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றது. பிறகு அந்த நண்பனைப் பார்த்து மெதுவாகக் கேட்டது: "முப்பது காசு விஷயம் இவர்களுக்குத் தெரியுமா?"

மேஜையில் கலவரம்! "டேய், எந்த முப்பது காசு?" கதாபாத்திரங்கள் சண்டை போடுகிறார்களா, நண்பர்கள் சண்டை போடுகிறார்களா என்றே தெரியவில்லை. பத்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. டிராகனும்தான்.

அடங்கியதும் பேரம் பேசியது. ஒருவர் இங்கேயே தங்க வேண்டும், ஊரில் நடப்பதை மற்றவர்கள் வந்து சொல்ல வேண்டும், அப்படியென்றால் எல்லோரும் உயிரோடு போகலாம். வங்கியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். மந்திரவாதியாக விளையாடுபவள். மூன்று மணி நேர ஆட்டத்தில் நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். அவள்தான் சொன்னாள், "நான் இருக்கேன். நீங்க போங்க."

யாரும் போகவில்லை. முப்பது காசுக்காரன்தான் முதலில் வாளை உருவினான்.

இந்த முறை டிராகன் தரையில் நிற்கவில்லை. இடிந்த கூரை வழியாக ஏறி இறங்கியது. தொண்டை புடைத்தது என்று சொன்னதும் நால்வர் சிதறி ஓடினார்கள். அவள் மட்டும் கோபுர மூலையில் மாட்டிக்கொண்டாள். விலகும் பகடை தோற்றது. பன்னிரண்டு பகடைகளை எல்லோர் முன்னாலும் உருட்டினேன். மொத்தம் 39. அவளுக்கு இருந்தது 20. மிச்சம் 19. அது 20 ஆகியிருந்தால் மரணம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மயக்கத்தோடு தப்பித்தாள். எழுந்து நின்று கத்தியதில் கீழ்வீட்டு ஆன்ட்டி காலிங்பெல் அடித்துவிட்டார்.

வெனம்ஃபாங் சாகும்வரை சண்டை போடாது. பாதி உயிர்ப்புள்ளி போனதும் பறந்துவிடும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தச் சாகசத்தின் சிறந்த யோசனை அதுதான். முன்பு இரண்டு டிராகன்களைக் கொன்றவர்கள் இதைக் கொல்லவில்லை. அவள் விழுந்ததும் நால்வரும் ஒன்றாகப் பாய, 68-க்குக் கீழே இறங்கியது கணக்கு. கூரை ஓட்டையில் ஏறி நின்று, அவள் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

அது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. கதை இப்போது வேறு ஊரில், வேறு வில்லனோடு போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு சத்திரத்தை வர்ணிக்கும்போது, ஜன்னலில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள்தான் கேட்டாள், "அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு?"