12 வோல்ற்றில் தொடங்குங்கள்

திருக்கேதீஸ்வரத்து வீடொன்றில் விளக்கொளியைக் கைபேசியால் கூட்டிக் குறைக்கும் சுற்றை நாமே பொருத்தலாம். ஆனால் 230 வோல்ற்று மின்குமிழில் வேண்டாம், 12 வோல்ற்று எல்ஈடி பட்டியில் செய்யுங்கள். இலங்கை மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. பழைய இழைக்குமிழை மங்கச் செய்யும் டிரையாக், ஒவ்வொரு 10 மில்லிசெக்கன் அரையலையிலும் ஒரு பகுதியை வெட்டும். டிரையாக் உள்ள பலகையில் தவறி விரல் பட்டால் உயிரே போகலாம். மன்னார்க் கரையின் உப்புக்காற்றும் ஈரமும் செம்பை அரித்து, மின்கசிவுக்கும் வழிவிடும்.

12 வோல்ற்றில் வேலை எளிது. ஈஎஸ்பி8266 என்ற சிறு வைஃபை பலகை, அதற்கு 5 வோல்ற்று தரும் மாற்றி, 3.3 வோல்ற்றிலேயே நன்கு திறக்கும் மொஸ்பெற் என்ற மின்னாளி, அதன் வாயிலுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம் தடை, இவை போதும். மொஸ்பெற் செக்கனுக்கு ஆயிரம் தடவை ஒளியை நிறுத்தித் திறக்கும். கண்ணுக்குச் சராசரிதான் தெரியும். திறந்திருக்கும் நேரம் குறைந்தால் ஒளி மங்கும், அவ்வளவே.

வீட்டுக் குமிழெல்லாம் 230 வோல்ற்றுத்தானே என்று கேட்பது நியாயம். ஆனால் மங்கச் செய்ய முடியாத எல்ஈடி குமிழை டிரையாக்கில் இணைத்தால் அது மினுங்கும், விரைவில் பழுதாகவும் கூடும். ஆபத்தை ஏற்றும் பயனில்லை. 230 வோல்ற்றை 12 ஆக்கும் மின்வழங்கியை மட்டும் தரச்சான்று பெற்றதாகக் கடையில் வாங்குங்கள். பலகைக்கு வார்னிஷ் பூசி, மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள்.