களத்து நெல்லும் செம்மறி ஆட்டின் வயிறும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தில் விளையும் சம்பா நெல் தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அறுவடை முடிந்த வயலில் செம்மறிக் கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். நிலத்திற்கு எருவும், ஆட்டுக்கு மேய்ச்சலும், ஆட்டுக்காரருக்குக் கிடைக்கூலியும் கிடைக்கின்றன.

ஆனால் இதே நாட்களில்தான், மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு மறுநாள் காலையில் எழ முடியாமல் கிடப்பதும், பொழுது சாய்வதற்குள் இறந்துபோவதும் நேர்கின்றன. பூச்சி கடித்துவிட்டது என்றும், கண் பட்டுவிட்டது என்றும் சொல்வார்கள். பல சமயங்களில் உண்மையான காரணம் அந்த ஆடு முந்தின நாள் தின்ற நெல்லே ஆகும். இதற்கு அமில அசீரணம் என்று பெயர்.

வயிற்றுக்குள் ஒரு மந்தை

அசைபோடும் பிராணிகளுக்கு வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. இவற்றில் மிகப் பெரியது முதல் அறையான பெருவயிறு. தாளையும் புல்லையும் செரிக்கும் சக்தி ஆட்டின் உடலுக்கு இல்லை. பெருவயிற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அவற்றைச் செரிக்கின்றன. அங்குள்ள சாற்றின் ஒரு மில்லி லிட்டரில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. ஆட்டுக்காரர் வெளியே ஒரு மந்தையை மேய்க்கிறார் என்றால், ஒவ்வோர் ஆடும் தன் வயிற்றுக்குள் ஒரு மந்தையை வளர்க்கிறது.

இந்த நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை மெதுவாகச் சிதைத்து, ஆட்டுக்குச் சக்தி தரும் மென்மையான அமிலங்களைத் தருகின்றன. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீரில் சோடா உப்பு உள்ளது. அது அமிலம் மிகாமல் பார்த்துக்கொள்கிறது. வைக்கோலும் கொடியும் தின்னும் ஆடு நெடுநேரம் அசைபோடுவதால் உமிழ்நீரும் நிறையச் சுரக்கிறது.

மாவு புளிப்பது போல

ஆட்டி வைத்த இட்லி மாவு ஓர் இரவில் புளித்துப் பொங்குகிறது. அந்தப் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம். பழக்கமில்லாத ஆடு ஒரேயடியாகத் தானியத்தைத் தின்றால் அதன் பெருவயிற்றிலும் இதுவே நடக்கிறது. தானியத்திலுள்ள மாவுச்சத்தை உண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா மளமளவென்று பெருகுகிறது. நல்ல தீனி கிடைத்தால் அரை மணி நேரத்திற்குள் அதன் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். அது வெளியிடும் லாக்டிக் அமிலத்தால் நார்ப்பொருளைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. பின்னர் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பெருகி அமிலத்தை மேலும் கூட்டுகின்றன.

அமிலம் மிகுந்த பெருவயிறு உடலிலுள்ள நீரைத் தன்பால் இழுக்கிறது. வயிறு தளும்புகிறது, உடலோ வறண்டு இரத்தம் கெட்டிப்படுகிறது. அமிலம் இரத்தத்திலும் கலப்பதால் ஆடு சாய்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஹங்கேட்டும் அவரது குழுவினரும் கடும் அசீரணம் கண்ட செம்மறி ஆடுகளை ஆராய்ந்து, இந்த நுண்ணுயிர் மாற்றத்தை 1952ஆம் ஆண்டிலேயே விளக்கினர்.

லாக்டிக் அமிலத்தையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் ஆட்டின் வயிற்றில் உண்டு. மெகாஸ்பேரா எல்ஸ்டெனி அவற்றுள் முக்கியமானது. தானியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தால் இவையும் கூடவே பெருகி, அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரே நாளில் தானியத்தைக் கொட்டினால் இவற்றுக்குப் பெருக அவகாசம் இல்லை. ஆகவே தானியம் விஷமன்று. திடீர் மாற்றமே விஷம்.

எவ்வளவு தின்றால் ஆபத்து?

நொறுக்கிய தானியம் நலிந்த ஆட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 கிராமும், ஊட்டமான ஆட்டுக்கு 75 முதல் 80 கிராமும் உயிருக்கே ஆபத்தாகலாம். 25 கிலோ எடையுள்ள நலிந்த ஆட்டுக்கு ஒன்றேகால் கிலோ போதும். குருணை, மாவு, சோறு, கஞ்சி ஆகியவை விரைவில் புளிப்பவை. உமியுள்ள முழு நெல் சற்று மெதுவாகப் புளிக்கும்; வயிறு நிறையத் தின்றால் அதுவும் ஆபத்தே. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவதும் இதே கேட்டைத் தரும்.

அறிகுறிகள்

தானியம் தின்ற அன்று இரவோ மறுநாளோ அறிகுறிகள் தெரியும். ஆடு தீனி எடுக்காது, அசைபோடாது, பல்லைக் கடிக்கும். இடப்பக்க வயிற்றை அசைத்தால் நீர் தளும்பும் ஓசை கேட்கும். புளித்த நாற்றமுள்ள கழிச்சல் காணும். கண்கள் குழி விழும், நடை தள்ளாடும். பிழைத்த ஆடுகளிலும் சிலவற்றுக்குக் குளம்பு நோகும். சினை ஆடுகள் 10 நாள் முதல் இரண்டு வாரம் கழித்துக் கன்று வீசலாம்.

தானியம் மிகுந்த தீனி துள்ளுமாரி நோய்க்கும் வழி செய்யும். ஆகவே திடீரென இறந்த ஆட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிவது மந்தைக்கு நல்லது. துள்ளுமாரித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

ஆடு தானியம் தின்றது தெரிந்தவுடன், அறிகுறிக்காகக் காத்திராமல் தீனியை விலக்கி, வைக்கோல் மட்டும் கொடுக்க வேண்டும். முதல் நாள் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்டுவது நல்லது. மணிக்கு ஒருமுறை நடக்க விட வேண்டும். சமையல் சோடாவை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற அளவில், அதாவது 25 கிலோ ஆட்டுக்கு 25 கிராம், அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். சலவை சோடாவைக் கொடுக்கக் கூடாது. படுத்துவிட்ட ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கடுமையாகத் தாக்குண்ட ஆட்டுக்கு மருத்துவர் இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றுவார். நலமுள்ள ஆட்டின் பெருவயிற்றுச் சாற்றைப் புகட்டி நல்ல நுண்ணுயிர்களை மீண்டும் குடியேற்றுவதும் உண்டு. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம்; 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் அழைக்கலாம்.

தடுப்பு முறைகள்

அறுவடை இயந்திரம் நெல் இறக்கிய இடத்திலும் மூட்டை பிடித்த இடத்திலும் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளிய பிறகே ஆடுகளை விட வேண்டும். குவியலைப் படுதாவால் மூடி முள் வைத்து அடைப்பது அவசியம். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் கீதாரிகளுக்கு எந்த மூலையில் களம் இருந்தது என்று தெரியாது. நிலத்துக்காரர்தான் அதைக் காட்ட வேண்டும்.

வெறும் வயிற்றுடன் ஆடுகளை அறுத்த வயலில் இறக்கக் கூடாது. முதலில் வைக்கோலோ கடலைக் கொடியோ கொடுத்துவிட்டு, முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் மேய விட்டு, நாள்தோறும் நேரத்தைக் கூட்டலாம். விற்பனைக்குக் கொழுக்க வைக்கும் கிடாக்களுக்கு அடர்தீவனத்தை நாளொன்றுக்கு 50 கிராமில் தொடங்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை 50 கிராம் வீதம் கூட்டி, இரண்டு மூன்று வாரங்களில் 250 கிராமுக்குக் கொண்டுவரலாம். அதையும் இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நாற்பது ஆடு வைத்திருப்பவருக்கு ஒரே இரவில் ஐந்து ஆடு போவது ஓர் ஆண்டு உழைப்பு போவதாகும். களத்தைக் கூட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு விளக்குமாறும் அரை மணி நேரமும்தான்.