கணினி ஒன் ஆகவில்லையா? கழற்றுமுன் எழுதி வையுங்கள்

ஏப்ரல் மாதத்துப் பின்னேரம். தெஹியோவிட்டவுக்கு மேலே மலைப் பக்கம் கறுத்து, ரப்பர் மரங்களுக்கிடையே இருட்டு இறங்குகிறது. பெரிய இடி ஒன்று. லயத்தில் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறது. பல்பு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, கணினி மட்டும் அசையவில்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் அவிசாவளையிலும் மாதம் ஒரு சாமானாக வாங்கிச் சேர்த்து, தங்கையின் உயர்தரப் படிப்புக்காகத் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்த கணினி அது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இது பழகிய காட்சி. அடுத்து நடப்பதும் பழகியதுதான். ஒன்று, பதற்றத்தில் மூடியைத் திறந்து கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றிப் பார்ப்பார்கள். அல்லது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், "போர்டு போச்சு தம்பி, புதுசு போடணும்" என்ற ஒற்றை வார்த்தைக்குக் காசைக் கட்டிவிட்டு வருவார்கள். 2024 செப்டெம்பரில் தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இருபது நாள் முழுப்பேர் விழுந்தாலும் 27,000 ரூபாய்தான். ஒரு மதர்போர்ட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

கடையில் முழுதாக வாங்கிய கணினி பழுதானால் பதில் சொல்ல ஒரு கடைக்காரர் இருக்கிறார். வீட்டில் பூட்டிய கணினிக்கு அப்படி ஒருவர் இல்லை. போர்டு விற்றவர் ரேமைக் காட்டுவார், ரேம் விற்றவர் பவர் சப்ளையைக் காட்டுவார். எந்தச் சாமான் பழுது என்று காட்டும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. ஆகவே, ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பார்த்து அதைத் தேதியோடு எழுதி வைப்பது பழுதைக் கண்டுபிடிக்க மட்டும் உதவுவதல்ல. வாரன்டி கேட்கப் போகும்போது கையில் இருக்கும் சாட்சியும் அதுதான்.

முதலில் உயிர்

பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறக்காதீர்கள். கணினி ஓஃப் ஆகியிருந்தாலும் பிளக் சொருகி, பின்பக்க சுவிட்சும் போட்டிருந்தால் மதர்போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். அந்த நிலையில் ரேமைப் பிடுங்கினால் நல்ல ரேமும் போர்டும் சேர்ந்து கெடலாம்.

பவர் சப்ளைப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிப் பெரிய மின்தேக்கியில் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியிருக்கும், ஆளைக் கொல்லவும் போதும். வெடித்த சத்தமோ கருகிய வாசமோ வந்திருந்தால், "இன்னொருக்கா போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையே வேண்டாம்.

இன்னொரு ஆபத்தை நாம் பழக்கத்தினால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் "சுள்" என்று பிடிக்கிறதா? பல வீடுகளில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மின்தேக்கிகள் மிக மெல்லிய கசிவு மின்சாரத்தைப் பெட்டியின் இரும்புக்குக் கடத்துகின்றன. எர்த் வயர் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் இரும்பிலேயே நிற்கும், நாம் தொடும்போது நம் உடம்பு வழியாக இறங்கும். அந்தச் "சுள்" இந்த வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கான அறிகுறி. இன்று மெல்லப் பிடிப்பது, பவர் சப்ளை பழுதாகும் நாளில் உயிரை வாங்கலாம். தகுதியுள்ள வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கால் பிளக்கை இரண்டு ஓட்டைக்குள் பேனாவால் தள்ளிச் செருகும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

எந்த நிலை என்று பாருங்கள்

ஒன் ஆகாத கணினிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மூன்று நிலைகள் உண்டு. எது உங்களுடையது என்பதை முதலில் எழுதுங்கள்.

முதல் நிலையில் எந்த அசைவும் இல்லை. லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. அதே சொக்கட்டில் ஃபோன் சார்ஜரைச் செருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். மல்டி பிளக்கை விட்டுச் சுவர் சொக்கட்டில் நேரே கொடுங்கள். பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்ச் போட்டிருக்கிறதா, கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பவர் சப்ளையானால் பின்னால் 115, 230 என்று சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கலாம். நம் நாட்டு மின்சாரத்துக்கு அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்துப் போட்டால் வெடிக்கும். இவையெல்லாம் சரியென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, போர்டுக்குப் போகும் 24 முனை கேபிள் முழுதாக இறங்கியிருக்கிறதா, பெட்டியின் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர் சரியான ஊசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் நிலையில் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், அல்லது நின்று நின்று மீண்டும் சுற்றும். எங்கோ ஷோர்ட் ஆகிறது என்பது முதல் சந்தேகம். புதிதாகப் பூட்டியவர்கள் மதர்போர்ட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கும் சிறிய பித்தளைக் கால்களை மறந்துவிடுவதுண்டு. வேண்டாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக இருந்தாலும் போர்டின் அடிப்பக்கம் இரும்பில் முட்டும். கழன்று விழுந்த ஆணி, உள்ளே செத்துக் கிடக்கும் பல்லி, எறும்புப் புற்று ஆகியவையும் நம் ஈரப் பிரதேசத்தில் சாதாரணமாகக் காணப்படும் காரணங்கள்.

மூன்றாம் நிலையில் ஃபேன் சுற்றும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. போர்டு போய்விட்டது என்று அநியாயமாகத் தீர்ப்புச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். புரொசெசருக்கு மேல்பக்கமாக 4 அல்லது 8 முனை கேபிள் ஒன்று தனியாகச் செருக வேண்டும். அதை மறந்தால் ஃபேன் சுற்றும், புரொசெசர் வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்தால் மொனிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்ட்டில் அல்ல. இன்டெல் கோர் ஐ5 10400எஃப் போல எஃப் என்ற எழுத்தோடு முடியும் புரொசெசர்களுக்குச் சொந்தமாகப் படம் காட்டும் வசதி இல்லை; கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் அவற்றில் திரை வராது. டி.டி.ஆர். 5 ரேம் போட்ட புதிய போர்டுகள் முதல் தடவை ரேமைச் சரிபார்த்துக்கொள்ளவே சில நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டு ஓஃப் பண்ணாமல் பொறுத்திருங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, அதன் பொன்னிற முனைகளைச் சுத்தமான அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, "டக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பல போர்டுகளில் புரொசெசர், ரேம், கிராஃபிக்ஸ் என்று எழுதிய சிறிய லைட்டுகள் உண்டு. எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். அதைக் கைபேசியில் படம் எடுங்கள். கடைசியாக, போர்டில் இருக்கும் வட்ட பெட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போட்டால் தவறான செட்டிங் அழிந்து சில கணினிகள் எழும்பிவிடும். கழற்றிய பெட்டரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகச் சுடக்கூடியது அது. அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் நடந்ததையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒன் ஆகாத, திரை வராத பழுதைப் பார்க்க அவை தேவையே இல்லை. குடும்பப் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அவற்றில்தான் கிடக்கின்றன. அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். ஆனாலும் படம் வெளியே போன பிறகு வழக்குப் போடுவதைவிட டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பது நல்லது. பெண்பிள்ளைகள் பாவிக்கும் கணினி என்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

ரேம், போர்டு, கிராஃபிக்ஸ் கார்ட் ஆகியவற்றின் சீரியல் நம்பர்களைப் படம் எடுத்து வையுங்கள். கொடுத்த சாமான்களையும் சொன்ன பழுதையும் எழுதிக் கையெழுத்திட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சாமான் மாறிவிட்டது என்று பிறகு சொல்ல அது இல்லாமல் முடியாது. "போர்டு போச்சு" என்றால், "வேற ரேம், வேற பவர் சப்ளை போட்டுப் பார்த்தீங்களா அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய போர்டைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள்.

சட்டம் என்ன தருகிறது

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பில் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். பாவித்த சாமானைப் புதியது என்று சொல்லி விற்பது குற்றம். பழுது பார்க்கும் வேலைக்கும் பொறுப்பு உண்டு: போதிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்ற உத்தரவாதம் எழுதாவிட்டாலும் அதில் அடங்கியிருக்கிறது. எழுதிக் கொடுத்த வாரன்டி, "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று சுவரில் ஒட்டியதால் இல்லாமல் போகாது.

பொருள் வாரன்டியின்படி இல்லையென்றால் அதிகாரசபைக்கு முறையிடலாம். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கட்டவோ அது உத்தரவிட முடியும். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. "இன்னும் ஒரு வருட வாரன்டி இருக்குதானே" என்று சாமானைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் இழப்பது இந்த மூன்று மாதத்தைத்தான். ஆகவே மாதம் ஒன்றாக வாங்கினாலும், வாங்கியதை வாங்கிய வாரமே பூட்டிச் சோதித்துத் தரக் கடையிலேயே கேளுங்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

மூன்று மாதம் கடந்துவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபையில் வழக்கறிஞர் தேவையில்லை. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பார்கள்.

வாரன்டிக்கும் எல்லை உண்டு. மின்னலில் கருகியது, புரொசெசர் சொக்கட்டின் ஊசி வளைந்தது, போர்டு உடைந்தது போன்றவற்றைக் கடைகள் வழக்கமாக ஏற்பதில்லை. அதனால் புதிய போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், புரொசெசரை வைக்குமுன், அந்தச் சொக்கட்டைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஊசி நேராக இருந்ததா வளைந்திருந்ததா என்ற வாக்குவாதத்தை அந்த ஒரு படம் தீர்த்துவிடும். மின்னலில் போனதை மறைத்து வாரன்டி கேட்கவும் வேண்டாம். கருகிய அடையாளம் தானே பேசும்.

மின்சாரத்தில் வந்த பழுது என்றால் வழி வேறு. கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்கு மிக அதிகமாக மின்சாரம் வரலாம். பக்கத்துக் காம்பராக்களிலும் அதே நேரத்தில் டிவியும் ஃப்ரிட்ஜும் போயிருக்கின்றனவா என்று கேட்டு நேரத்தோடு எழுதுங்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் 1987க்குச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தோட்ட நிர்வாகத்தின் வழியாக மின்சாரம் வரும் லயமானால் தோட்ட ஒபிசிலும் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

"சிங்களத்தில் எழுதத் தெரியாதே" என்று பேசாமல் இருந்துவிடுபவர்கள் நம்மில் அதிகம். நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள். பில்லின் பிரதியையும் குறிப்பின் பிரதியையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இடிக்கு முன்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை இந்தப் பக்கத்துக்கு வழக்கம். இடி நேரத்தில் மின்சாரத்தோடு தொடுத்த கருவிகளையும் வயர் உள்ள தொலைபேசியையும் பாவிக்க வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு எச்சரிக்கையிலும் சொல்கிறது. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள். ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்குள் வரும். எர்த் இல்லாத வீட்டில் விலை கொடுத்து வாங்கிய சர்ஜ் பாதுகாப்புப் பிளக்கும் சரியாக வேலை செய்யாது.

பள்ளிக்கூட வேலைக்கு வாங்கும் கொப்பிகளில் ஒன்றைக் கணினிக்கென்று ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வொரு சாமானின் பெயர், வாங்கிய தேதி, கடை, சீரியல் நம்பர், வாரன்டி முடியும் நாள். வெளிறிப்போகும் பில்களைப் படம் எடுத்துவிட்டு உள்ளே ஒட்டுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து பழுதும் பார்த்த விதமும். பட்டனை அழுத்தியும் கணினி அசையாத நாளில் அந்தத் தங்கை அண்ணனுக்கு ஃபோன் எடுத்து அழ வேண்டியதில்லை. கொப்பியைத் திறந்து, "அண்ணே, ரேம் லைட் எரிஞ்சு நிக்குது, ரெண்டாவது ரேம் போட்டா வருது, வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது" என்று வாசித்துச் சொன்னால் போதும். அதே வரிகளைக் கடையிலும் அதிகாரசபையிலும் அவளே சொல்லலாம்.